முப்பது நோன்பும் ஒரு கிம்புலா பணிஸும்

நான் தையல்காரி. புத்தளம் பக்கத்தில் எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் எவள் உண்டாகியிருக்கிறாள் என்பது அவளுடைய புருசனுக்குத் தெரிய முன்னம், மாமிக்குத் தெரிய முன்னம், சில வேளை அவளுக்கே தெரிய முன்னம் எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்கிற கதை இல்லை இது, என் கழுத்தில் தொங்குகிற அளவு நாடா சொல்கிற கதை. வயிறு நாலாம் மாதத்தில்தான் காட்டிக்கொடுக்கும். நெஞ்சு அவ்வளவு நாள் பொறுக்காது. போன மாதம் முப்பத்திநாலு என்று நான் அளவுக் கொப்பியில் எழுதிவைத்தவள் இந்த மாதம் முப்பத்தஞ்சரையில் வந்து நிற்பாள். நாடா பட்டதும் "ஆ, நோகுது ராத்தா" என்று நெளிவாள். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "புள்ள, சட்டைய விடு. முதல்ல பார்மசிக்குப் போயிட்டு வா" என்பேன். இருபது வருசத்தில் என் கணக்கு ஒன்றோ இரண்டோ தரம்தான் பிழைத்திருக்கும்.

அப்பேர்ப்பட்டவள், என் சொந்த வயிற்றில் ஒரு உயிர் ஒன்பது கிழமையாகக் குடியிருந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு அடையாளம், இரண்டு அடையாளம் தவறியது என்றாலும் பரவாயில்லை. எல்லா அடையாளமும் வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டுச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இவ்வளவு மடச்சியாக ஒருத்தி இருப்பாளா? இருந்திருக்கிறேனே!

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கலியாணம் முடித்துப் பதினெட்டு வருசம். பிள்ளை இல்லை. தங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு தரம் தங்கியது, இரண்டு தரமும் மூன்று மாதம் முடிய முன்னம் போய்விட்டது. முதலாவது, கலியாணம் முடித்த இரண்டாம் வருசம். எங்கள் மனுசன் தோட்டக்காரர், மணல் நிலத்தில் பீட்ரூட்டும் வெங்காயமும் போடுகிறவர். அந்த நாளில் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள். சேதி தெரிந்த அன்றைக்கே பள்ளிவாசலில் இருந்து கருவாடு காயப் போடுகிற வாடி வரைக்கும் சொல்லித் திரிந்தார். மூன்றாம் கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. சொன்ன வாயாலேயே அத்தனை பேருக்கும் அதையும் போய்ச் சொல்ல வேண்டி வந்தது, பாவம்.

இரண்டாவது, அதற்கு ஏழு வருசம் கழித்து. அந்த முறை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வண்ணாத்திவில்லில் இருக்கிற மாமிக்கு மட்டும், அதுவும் தன்னைப் பெற்ற உம்மா என்பதால், எங்கள் மனுசன் போனில் சொன்னார். சொல்லி நாலாம் நாள் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கட்டில் காலடியில் வந்து நின்றவர் என் முகத்தைப் பார்க்காமல், "என்ட வாய்தான் புள்ள. என்ட வாய் சரியில்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "வாயால கலையிறதெண்டா இந்த ஊர்ல ஒரு புள்ளையும் பிறந்திராது. டொக்டர் சொல்லுறதக் கேளுங்க, விசர்க் கதை கதைக்காதீங்க" என்று கத்தினேன். மனுசன் சிரிக்கவில்லை. அன்றைக்கு அடங்கின வாய்தான். அதன் பிறகு கேட்டதற்கு ஓம், இல்லை. அவ்வளவுதான். பிள்ளை என்ற பேச்சு எங்கள் ஊட்டில் எடுபடவே இல்லை. ஒன்பது வருசம். நானும் ஊராரின் பிள்ளைகளுக்குக் குட்டிச் சட்டை தைத்துக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். கைக்குப் பழகிவிட்டது. மனசுக்குப் பழகினதா என்று கேட்டால், பழகவில்லை. ஒரு நாளும் பழகவில்லை.

இந்தக் கதையில் ஒரு பணிஸ் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நோன்பு மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் வந்தால் நோன்பும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகொரு மாதத்தில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும், அதற்குக் கழா என்று பேர். ஊரே நோன்போடு இருக்கும்போது ஒருத்தி மட்டும் சாப்பிடுகிறாள் என்று வெளியே காட்டிக்கொள்வது மரியாதை இல்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, பீங்கான் சத்தம் கேட்காமல், நேற்றைய சோற்றில் இரண்டு வாய் போட்டுக்கொள்வோம். ஒருவரும் சொல்வதில்லை, ஒருவரும் கேட்பதில்லை. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை என்றால் புருசன்மார் விளங்கிக்கொள்வார்கள்.

எங்கள் மனுசனும் விளங்கிக்கொள்வார். கலியாணம் முடித்த முதல் நோன்பில் இருந்து அவருக்கு ஒரு பழக்கம். நான் சஹருக்கு எழும்பாத நாட்களில், தோட்டத்தால் வரும்போது சிங்கள ஆளின் பேக்கரிக்குப் போய் ஒரு கிம்புலா பணிஸ் வாங்கிவருவார். முதலை மாதிரி நீளமாக வளைந்து, மேலே சீனி தூவியிருக்குமே, அதுதான். எனக்கு அது என்றால் உயிர். தானும் நோன்போடு, அந்தச் சூட்டு வாசத்தை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளில் வருவார். குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. பையை அதில் கொழுவிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஆறு நாள் என்றால் ஆறு பணிஸ். வாய் ஓயாமல் கதைத்த காலத்திலும் சரி, வாய் அடங்கின காலத்திலும் சரி, இதைப் பற்றி ஒரு சொல் எங்களுக்குள் வந்ததே இல்லை.

அந்த வருசம் நோன்பு பிறக்க ஒரு கிழமை முன்னமே எனக்கு நாள் தள்ளியிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. முந்தின வருசமும் இரண்டு தரம் அப்படித்தான் தள்ளித் தள்ளி வந்தது. என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு நாற்பத்திரண்டில் அடியோடு நின்றுவிட்டது. சரி, எனக்கும் நிற்கப் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெருநாளுக்கு அறுபது சட்டை தைத்து முடிக்க வேண்டும், இதில் என் உடம்பை யார் பார்க்கிறது?

முதல் நோன்பில் இருந்தே தூக்கம். சாதாரணத் தூக்கமா அது! சட்டையின் கைத்துண்டை மெஷினில் வைத்து மிதிக்கும்போதே கண் சொருகும். ஒரு நாள் நெற்றி போய் மெஷினில் முட்டி வீங்கிவிட்டது. நோன்புத் தூக்கம் என்றேன். நோன்பு துறக்கும்போது கஞ்சியைக் கண்டால் குமட்டும். உள்ளியும் இஞ்சியும் றம்பை இலையும் போட்டுக் காய்ச்சின கஞ்சி, மூன்று கோப்பை குடிக்கிற நான், மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனேன். வெறும் வயிறு, கேஸ் என்றேன். கேஸ் குளிசையும் போட்டேன். இரவில் நாலு தரம் கக்கூஸுக்கு. நோன்பு துறந்து குடிக்கிற தண்ணி என்றேன். நெஞ்சு நொந்தது. குனிந்து குனிந்து தைக்கிறதால் என்றேன். கருவாட்டு வாடி எங்கள் ஊட்டில் இருந்து அரை மைல். பிறந்ததில் இருந்து அந்த வாசத்தில்தான் இருக்கிறேன். அந்த மாதம் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எனக்குக் குடல் மேலே வந்தது. இந்த வருசம் ஒழுங்காகக் காயப் போடுகிறார்கள் இல்லை என்று வாடிக்காரரை ஏசினேன்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். தைக்கும்போது குண்டூசிகளை வாயில் கவ்விக்கொள்வது எனக்குப் பழக்கம். அந்த நாட்களில் வாய் முழுக்க ஒரு இரும்பு ருசி. ஊசி கறள் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஒரு பெட்டிக் குண்டூசியையும் குப்பையில் கொட்டிவிட்டுப் புதுப் பெட்டி வாங்கினேன். புது ஊசியும் கறள் ருசி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனுக்கும் ஏச்சு. என் வாயில்தான் கோளாறு என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்துப் பார்த்தேனா? இல்லையே!

பன்னிரண்டாம் நோன்பு அன்று பக்கத்து ஊட்டு இளம் பிள்ளை பெருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். கலியாணம் முடித்து ஆறு மாதம். நாடாவை நெஞ்சைச் சுற்றிப் போட்டேன். கொப்பியைப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம் கூட. அவள் நெளிந்தாள்.

"வாந்தி இருக்கா?"

"இல்ல ராத்தா. தூக்கம்தான். அதோட இந்தக் கருவாட்டு மணம்..."

"நோன்பெண்டு நினைச்சியா? போ புள்ள, போய் டெஸ்ட் பண்ணிப் பாரு. தையல் விட்டு வைக்கிறன், அஞ்சாம் மாசமும் போடலாம்."

அவள் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அடி வயிற்றில் இருந்து குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கிணற்றடியில் துப்பிவிட்டு வந்தேன். "உங்களுக்கென்ன ராத்தா, முகம் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாள். "எனக்கென்ன, கிழட்டு உடம்பு, நோன்பு இழுக்குது" என்றேன். அவள் சொன்ன தூக்கமும் கருவாட்டு மணமும் அப்படியே என்னுடையவை. காது கேட்டது, வாய் பதில் சொன்னது, மூளை எங்கே போனதோ தெரியாது.

இருபதாம் நோன்பு, காலை பதினொரு மணி இருக்கும். குசினிக்குள் போனால் ஆணியில் பை தொங்குகிறது. திறந்தால் கிம்புலா பணிஸ். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்தான் ஒரு நாள் விடாமல் சஹருக்கு எழும்பிக்கொண்டிருக்கிறேனே! பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"நோன்போட இருக்கிற பொம்புளைக்குப் பணிஸா? உங்கட புத்தி எங்க போச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ இன்னும் நோன்பு விடல்லயா?" என்று கேட்டார்.

"விடல்ல. இந்த முறை முப்பதும் பிடிப்பன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பயந்தவன் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து, "மறந்திட்டன்" என்றார். அவ்வளவுதான். பணிஸின் பட்டர் மணம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிய்த்துக் கோழிகளுக்குப் போட்டேன். எனக்கு உயிரான கிம்புலா பணிஸ்! அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளில் இருந்து மனுசன் மாறிவிட்டார். நோன்பு துறக்க ஒவ்வொரு நாளும் எனக்கென்று இரண்டு செவ்விளநீர். ஈத்தம்பழத்தில் நல்லதாகப் பொறுக்கி என் பீங்கானில் வைப்பார். கிணற்றில் தண்ணி அள்ள விடவில்லை. இருபத்திமூன்றாம் நோன்பு அன்று ஒரு ஆளைக் கூட்டிவந்து என் மிதி மெஷினுக்குக் கரண்ட் மோட்டர் பூட்டினார். பெருநாள் வேலை கூடிவிட்டது என்று இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். மூன்று தரம், "ஏலாட்டி நோன்ப விடு புள்ள, பிறகு பிடிச்சுக் குடுக்கலாம்" என்றும் சொன்னார். மூன்று தரமும் சீறி விழுந்தேன். வயசுக்கு வந்த நாளில் இருந்து முப்பதும் பிடித்தது இல்லை. இந்த ஒரு முறை கிடைத்திருக்கிறது, அதைக் கெடுக்க வாறீங்களா என்று கேட்டேன்.

இருபத்தொன்பது முடிந்த மாலை பிறை தெரியவில்லை. முப்பதாவது நோன்பையும் பிடித்தேன். பக்கத்து ஊட்டுப் பெண்களிடம், "முப்பதும் பிடிச்சிட்டன், எனக்கு ஒரு கழாவும் இல்ல" என்று பெருமை அடித்தேன். அவர்களும் மாஷா அல்லாஹ் என்றார்கள். பெருமை அடித்துவிட்டு உள்ளே வந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். முப்பதும் பிடித்தால் என்ன அர்த்தம்? கதை முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம். இனி அந்த ஆணியில் பை தொங்காது. கதவு சாத்தியாகிவிட்டது, ரப்பே, நீ நாடியது அதுதான் என்றால் சரி என்று முகத்தைக் கழுவினேன்.

பெருநாள் காலை. அவர் தொழுதுவிட்டு வந்தார். மாமியைப் பார்க்க வண்ணாத்திவில்லுக்குப் போகிறதுக்காக நான் சாரி உடுத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சாரிச் சட்டையை நானேதான் தைத்தேன். என் சட்டைக்கு நான் அளவு எடுப்பதே இல்லை. பத்து வருசமாக ஒரே அளவு, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். போட்டுப் பார்த்தால் நெஞ்சில் கொக்கி எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், எட்டவில்லை. இரண்டு விரல் இடைவெளி.

"ஊரெல்லாம் நோன்பு பிடிச்சு மெலியும், நான் ஒருத்திதான் கொழுத்திருக்கிறன்" என்று அறைக்குள் நின்று கத்தினேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, முகம் மட்டும் சாம்பல்.

"ஊருக்கெல்லாம் அளக்கிற நீ" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "ஊருக்கெல்லாம் அளக்கிற நீ, உன்ன அளந்து பாத்தியா?"

"என்னத்துக்கு?"

"இந்த நோன்பில எத்தின நாள் பணிஸ் வாங்கினன்?"

பதினெட்டு வருசத்தில் முதல் தரம் பணிஸைப் பற்றி வாய் திறக்கிறார். எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. "ஒரு நாள். அதையும் கோழி திண்டது" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. தூக்கம். கஞ்சி. கருவாடு. குண்டூசி. நோகிற நெஞ்சு. பக்கத்து ஊட்டுப் பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் திரும்பி என் முகத்தில் வந்து அடித்தது. யா அல்லாஹ்! அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

அவர் அலுமாரியைத் திறந்தார். தன் சாரங்களுக்கு அடியில் கையை விட்டு, பேக்கரிப் பை ஒன்றை எடுத்தார். உள்ளே பணிஸ் இல்லை. பார்மசியில் விற்கிற அந்த டெஸ்ட் பெட்டி.

"அண்டைக்குப் பணிஸ் வாங்கினது மறதியில இல்ல. பத்து நாளா இத வச்சிருக்கன்" என்றார்.

அதை வாங்கிக்கொண்டு கக்கூஸுக்குள் போனேன். பெட்டியைப் பல்லால் கிழித்தேன். முதல் கோடு வந்தது. இரண்டாவது வர நேரம் எடுக்கும் என்று ஊராருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேரமே எடுக்கவில்லை. உடனே வந்தது, நல்ல கடும் சிவப்பாக, என் குருட்டுக் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. சந்தோசம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. இடி விழுந்தது. ஒன்பது வருசமாக மண் போட்டு மூடின இடம் அது. அதற்கடியில் உயிர் இருக்கிறது என்றால் யார் நம்புவது?

பிறகுதான் முப்பது நாளும் நினைவுக்கு வந்தது. வெளியே ஓடிவந்தேன்.

"தெரிஞ்சிருந்தும் பத்து நாள் என்ன நோன்பு பிடிக்க விட்டீங்களா? என்ட புள்ளைய முப்பது நாள் பட்டினி போட்டிருக்கனே!" மெஷின் மேல் கிடந்த நாடாவை எடுத்து அவர் தோளில் ஒரு விளாசு விளாசினேன். "மெஷின மிதிச்சன், குளிசை போட்டன், விழுந்து விழுந்து தைச்சன். ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு சொல்ல உங்களுக்கு வாய் இல்லயா?"

அவர் அடியைத் தடுக்கவில்லை. "மூண்டு தரம் விடச் சொன்னன்" என்றார். பிறகு, "சொல்லிட்டா போயிடும் புள்ள. ரெண்டு முறையும் நான் சொல்லித்தானே போச்சு" என்றார். சொல்லிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதார். பெருநாள் சட்டையோடு, சின்னப் பிள்ளை மாதிரி. ஒன்பது வருசமாக அந்த மனுசன் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான் கத்தினது ஒன்றும் அவருக்குள் போகவே இல்லை. எனக்கு இரண்டாவது அதிர்ச்சி அதுதான். அவர் வாய் அடங்கினது வயசால் என்று நினைத்திருந்தேன். ஒரே ஊட்டில் இருந்துகொண்டு, அது தெரியாமல், பயத்தில் ஊமையாகிப்போன ஒருவரோடு சோறு தின்றிருக்கிறேன்.

அன்றைக்கு வண்ணாத்திவில்லுக்குப் போகவில்லை. மாமிக்கு எனக்குத் தலைச்சுற்று என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் புத்தளத்தில் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போனோம். வழி நெடுக நான் அவரோடு கதைக்கவில்லை. கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டாம் முறை இதே மாதிரி ஒரு அறையில், டொக்டர் ஒன்றும் சொல்லாமல் ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை. இந்த முறை சிங்கள டொக்டர் மிஸ் ஒருவர். குளிர்ந்த பசையைப் பூசி அழுத்தினார். பேச்சு இல்லை. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஸ்கிரீனுக்குப் போனது. என் உயிர் போய்விட்டது. கை அதை என் பக்கம் திருப்பியது.

"ஹார்ட் ஓடுது, பாருங்க" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "ஒன்பது கிழமை தாண்டிட்டு."

கொட்டைப் பாக்கு அளவில் ஒரு நிழல். அதன் நடுவில் துடிதுடியென்று ஒன்று. மோட்டர் பூட்டின மெஷினின் ஊசி போகிற வேகம். நோன்பு பிடித்ததைச் சொல்லி அழுதேன். "பயப்படாதீங்க. இனி நல்லா சாப்பிடுங்க. குளிசை ஒண்டும் எங்களக் கேக்காமப் போட வேணாம்" என்றார். பிறகு என் மனுசனைத் திரும்பிப் பார்த்து, "அப்பாவுக்குச் சந்தோசம் இல்லையா?" என்று கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றி வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார்.

அன்றைக்கு வீடு திரும்பினதும், மோட்டர் சைக்கிளை நிறுத்த முன்னமே பேக்கரிக்கு ஒரு ஓட்டம் ஓடிவந்தார். ஆணியில் பை. நோன்பு இல்லாத மாதத்தில் அது தொங்கினது அதுதான் முதல் தரம். பட்டர் மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியைத் தின்றேன்.

அதன் பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்வது. மூன்று மாதம் தாண்டும் வரைக்கும் கக்கூஸுக்குப் போகிற ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். தாண்டியது. நாலு, அஞ்சு. மாமிக்கு நாங்கள் சொல்லவில்லை, வயிறுதான் சொன்னது. மாமி வந்து என்னைக் கண்டு, "அடியேய்!" என்று கத்தி, அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். பிறகு மகனை ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது. ஊர் வந்து அவரிடம் விசாரித்தால், மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். கடைசி வரைக்கும் வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றி அந்த மனுசனின் வாயில் இருந்து ஒரு சொல் வரவில்லை. பேர் யோசிக்கவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. நான் கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். விடியக் காலையில் செவ்விளநீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மாரி மழை தொடங்கின கிழமையில் பிள்ளை பிறந்தாள். பெண். என் வயசைப் பார்த்து வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அழுத சத்தம் கேட்டபோதும் நான் நம்பவில்லை, பக்கத்து அறைப் பிள்ளை என்று நினைத்தேன். என் நெஞ்சில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் நம்பினேன்.

பார்க்க விடுகிற நேரத்துக்கு அவர் வந்தார். நனைந்து, தலையில் இருந்து தண்ணி சொட்ட, கையில் பேக்கரிப் பையோடு. பிள்ளையைப் பார்த்தார். தொடவில்லை.

எங்களில் பிள்ளை பிறந்தால் அதன் காதில் முதலில், தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்கிற முதல் சொல் அதுவாக இருக்க வேண்டும். அனேகமாக வாப்பாதான் சொல்வது, அவர் இல்லாவிட்டால் பள்ளியில் தொழுவிக்கிற ஹஸரத். நான் பிள்ளையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"பள்ளி ஹஸரத்தக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். "என்ட வாயால வேணாம் புள்ள."

எனக்கு வெட்டின இடம் வலி, எழும்ப ஏலாது. இல்லாவிட்டால் இன்னொரு விளாசு விழுந்திருக்கும். "இஞ்சருங்க" என்றேன். "உங்கட உம்மாவும் ஊரும் இவளப் பத்திக் கதைக்காத கதையில்ல, அதுக்கும் இவ தங்கினா. முப்பது நாள் நான் பட்டினி போட்டன், அதுக்கும் தங்கினா. இவ ஒருத்தர்ட வாய்க்கும் போறவ இல்ல. உங்கட வாயாலதான் சொல்லணும். ஹஸரத் வந்தா நான் புள்ளையக் குடுக்க மாட்டன்."

அவர் பையை மேசையில் வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, கடைசியில் பிள்ளையை வாங்கினார். கதிரையில் இருந்து, அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு "அல்லாஹு அக்பர்" என்றார். காற்று மாதிரி ஒரு சத்தம். பிள்ளையைப் பார்த்தார். இருந்தாள். மறுபடி சொன்னார். இன்னும் கொஞ்சம் சத்தமாக. பிள்ளை கண்ணைச் சுருக்கிக் கொட்டாவி விட்டாள். அவர் முழுவதையும் சொல்லி முடித்தார். இடது காதிலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

முடித்துவிட்டு நிமிர்வார் என்று பார்த்தேன். நிமிரவில்லை. அதே காதில், அதே குசுகுசுப்பில், கதைக்கத் தொடங்கினார். தோட்டத்துக் கிணற்றில் தண்ணி ஏறியிருக்கிற கதை. பீட்ரூட் முளைத்த கதை. கிம்புலா பணிஸைத் தின்ற கோழி இப்போது ஒரு நாள் விடாமல் முட்டை இடுகிற கதை. உன் உம்மா நாடாவால் என்னை அடித்தாள் என்ற கதை. நர்ஸ் மிஸ் வந்து, நேரம் முடிந்துவிட்டது, எழும்புங்கள் என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். இவர் காதில் விழவே இல்லை.